போடி மலையில் தண்ணீரை ஏற்றிவைத்தால் ராத்திரிக்கு கரன்ட் கிடைக்குமா? மின்சாரத்தைச் சேமிக்கும் கணக்கு என்ன?

பறித்த ஏலக்காயை அப்படியே வைத்திருக்க முடியாது. போடிநாயக்கனூரிலும் மேலே ஏலமலைத் தோட்டங்களிலும் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் போட்டு, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கப் பக்குவமாகச் சூடு கொடுக்க வேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக் காய், 1 கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். எடை போனாலும் விவசாயிக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: அவரால் காத்திருக்க முடியும். போடியில் நடக்கும் மின்னணு ஏலத்தில் இன்றைக்கு விலை சரியில்லையா? அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே தேனி மாவட்டத்தில் இன்னொரு விளைச்சலும் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் காற்றை நம்பி, தேனி, ஆண்டிபட்டி பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள். அவற்றின் விளைச்சலுக்கு இந்தக் காத்திருக்கும் வசதி கிடையாது. உற்பத்தியான நொடியிலேயே யாராவது ஒருவர் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் காற்று வீசும்போதே காற்றாலையை நிறுத்த வேண்டியதுதான்.

மின்சாரத்தையும் ஏலக்காய் மாதிரி உலர்த்தி மூட்டை கட்ட முடியுமா? தமிழ்நாட்டின் மின்துறை இன்று பதில் தேடிக்கொண்டிருக்கும் பெரிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

பிரச்சினை பற்றாக்குறையா, நேரமா?

2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அன்றைய பிரச்சினை எளிமையானது: மின்சாரம் போதவில்லை.

இன்றைய பிரச்சினை வேறு. 2025 மார்ச் நிலவரப்படி மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டையும், சோலார் திறன் 10,000 மெகாவாட்டையும் தாண்டிவிட்டது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காற்றும் வெயிலுமே போதும்போலத் தோன்றும்.

ஆனால், திறன் வேறு, உற்பத்தி வேறு. சோலார் மதியம் உச்சத்தில் இருக்கும். மாலை 6 மணிக்கு மேல் பூஜ்யம். அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வருபவர்கள் லைட், ஏசி, மிக்ஸி, மோட்டார், பைக் சார்ஜர் என்று எல்லாவற்றையும் போடுகிறார்கள். காற்றாலை இரவிலும் சுற்றும். ஆனால், அதன் சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் பெரிதாக நம்ப முடியாது.

ஆக, மதியம் மிச்சம், மாலையில் தட்டுப்பாடு. ஆடியில் மிச்சம், மாசியில் தட்டுப்பாடு. இப்படி இரண்டு வகையான பொருந்தாமை. சேமிப்பு பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மிச்சமானால் அப்படியே விட்டுவிட்டால் என்ன?

விட முடியாது. நாடு முழுக்க ஒரே மின்தொகுப்பு. 2013 கடைசி நாளில் தென்மாநிலங்களின் கிரிட்டும் தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டது. இந்த மொத்த அமைப்பும் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ் என்ற தாளத்தில் ஓடுகிறது. உற்பத்தி கூடினால் தாளம் ஏறும். பயன்பாடு கூடினால் இறங்கும். அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரைதான். பெரிதாகத் தடுமாறினால் மின்நிலையங்களும் மின்தடங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் அடுத்ததன் மீது சுமை ஏறும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் மின்தடங்கள் இப்படி அடுத்தடுத்து விலகியதால்தான் வட இந்தியா இருளில் மூழ்கியது.

எனவே மாநில சுமை பகிர்வு மையம் நாள் முழுக்க நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்க்கிறது. தேவை குறைந்தால் அனல்மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும். அவற்றையும் ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது. முழுவதும் அணைத்தால் திரும்ப மூட்டப் பல மணி நேரம் ஆகும். அப்போதும் மிச்சமானால், காற்றாலைக்கும் சோலாருக்கும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குக் கட்டாயம் இயக்க வேண்டிய நிலையங்கள் என்ற தகுதி இருக்கிறது. தமிழ்நாட்டு சோலார் நிலையங்கள் தொடர்பான வழக்கில், கிரிட் பாதுகாப்பு அல்லாத காரணங்களுக்காக உற்பத்தியை நிறுத்தச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் சொன்னது. அதாவது, பயன்படுத்தாத கரன்ட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டி வரலாம்.

மின்தடம் போட்டால் போதாதா?

பாதிப் பிரச்சினைக்கு அது தீர்வு. தேனி மாவட்டக் காற்றாலை மின்சாரத்தை வெளியே கொண்டுபோகத்தான் தப்புக்குண்டில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் வந்தது. இங்கே மிச்சமாவதை வேறு ஊருக்கு, வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். மின்தடம் மின்சாரத்தை இடம் மாற்றும். அதனால் நேரத்தை மாற்ற முடியாது. மதிய வெயில் தமிழ்நாட்டில் அடிக்கும்போது கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ராஜஸ்தானிலும் அடிக்கிறது. எல்லோரிடமும் ஒரே நேரத்தில் மிச்சம். எல்லோருக்கும் மாலையில் ஒரே நேரத்தில் தேவை.

மின்சாரச் சந்தையின் விலையே இதைக் காட்டிவிடும். மதிய நேரத்தில் யூனிட் விலை சரியும். தேவை அதிகமான மாலைகளில் அனுமதிக்கப்பட்ட உச்சமான 10 ரூபாயைத் தொட்டுவிடும். இந்த விலை இடைவெளிதான் சேமிப்பு என்ற தொழிலுக்கே அடிப்படை.

காற்றாலைகளுக்கு ‘பேங்கிங்’ இருக்கிறதே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜவுளி ஆலைகள் பல சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கின்றன. சீசனில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் போட்டுவைத்து, தேவைப்படும் மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் பேங்கிங். பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டுக் கணக்கு. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்தவற்றுக்கு அந்த ஓராண்டுச் சலுகை இல்லை.

இந்த பேங்கில் லாக்கர் கிடையாது என்பதுதான் விஷயம். ஜூலையில் போட்ட யூனிட் ஜூலையிலேயே யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறியைச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. ஜனவரியில் ஆலை திரும்பக் கேட்கும்போது, வாரியம் அதைப் புதிதாக உற்பத்தி செய்தோ, வெளியே வாங்கியோதான் கொடுக்க வேண்டும். மாடியில் சோலார் போட்டு நெட் மீட்டர் வைத்திருக்கும் வீடுகளின் கதையும் இதேதான். பகலில் கொடுத்து ராத்திரியில் வாங்கும்போது கிரிட்டை ஒரு பேட்டரி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். காகிதத்தில் அது சேமிப்பு. நிஜத்தில் அந்தச் சுமையை வேறொருவர் தூக்குகிறார்.

சரி, நிஜமாகவே எப்படிச் சேமிப்பது?

உலகம் முழுக்க அதிகம் பயன்பட்டு வந்திருப்பது மிகப் பழைய வழி: தண்ணீரை மேலே ஏற்றிவைப்பது. இதற்கு நீரேற்று மின்நிலையம் என்று பெயர். மலை மேல் ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. மிச்ச மின்சாரம் இருக்கும்போது கீழிருந்து மேலே பம்ப் செய்ய வேண்டும். தேவைப்படும்போது திறந்துவிட்டால், அதே தண்ணீர் டர்பைனைச் சுற்றியபடி இறங்கும். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் பிரம்மாண்ட வடிவம்.

போடியை வைத்தே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிவாரத்திலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. ஊருக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். 1,000 லிட்டர் தண்ணீரை அந்த உயரத்திலிருந்து இறக்கினால், கோட்பாட்டளவில் 2.7 யூனிட் மின்சாரம். 10,000 லிட்டர் லாரித் தண்ணீர் முழுவதையும் இறக்கினால் 27 யூனிட். டர்பைன் இழப்புகள் போகச் சுமார் 24 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டுக்கே நான்கு லாரித் தண்ணீர் வேண்டும்.

100 மெகாவாட்டை மாலையில் 4 மணி நேரம் கொடுக்க வேண்டுமென்றால் 4 லட்சம் யூனிட் வேண்டும். அதற்கு 16,000-க்கும் மேற்பட்ட லாரித் தண்ணீர். அதுவும் 1,000 மீட்டர் உயரம் இருக்கும்போது. உயரம் பாதியானால் தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டும். அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் எப்போதும் செங்குத்தான மலையையும் பெரிய நீர்த்தேக்கத்தையும் தேடிப் போகிறது.

இதில் மின்சாரம் வீணாகாதா?

ஆகும். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால், திரும்பக் கிடைப்பது 75 முதல் 80 யூனிட்தான். ஆனாலும் லாபம் இருக்கிறது. உதாரணத்துக்கு, மதியம் யூனிட் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால்வாசி வீணாவதையும் சேர்த்தால், திரும்பக் கிடைக்கும் ஒரு யூனிட்டின் அடக்கவிலை 4 ரூபாய். மாலையில் அதே யூனிட்டைச் சந்தையில் வாங்க 10 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால், நடுவில் 6 ரூபாய் நிற்கிறது. அணை, சுரங்கம், இயந்திரம், கடனுக்கான வட்டி எல்லாம் அந்த 6 ரூபாய்க்குள் அடங்கினால் திட்டம் தேறும். ஏலக்காய் உலரும்போது எடை போவது மாதிரிதான். போவதைவிடக் காத்திருப்பதில் கிடைப்பது அதிகமாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

இயங்கிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. ஆனைமலையில் இருக்கும் காடம்பாறை. தலா 100 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள், 1980-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியவை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம், நடுவே மலைக்குள் குடைந்த மின்நிலையம். காற்றாலை, சோலார் எல்லாம் பெரிதாக வராத காலத்திலேயே இதைக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டம். போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி–எமரால்டு கீழ் நீர்த்தேக்கம், 500 மெகாவாட். இதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 2007-ல். வேலையோ இழுத்துக்கொண்டே போனது. மலையைக் குடையும் திட்டங்கள் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. தனியாரையும் கூட்டுசேர்த்து வேகப்படுத்த, 2024-ல் மாநில அரசு நீரேற்று மின் திட்டங்களுக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே ஆண்டில்தான் மின்வாரியம் பிரிக்கப்பட்டு, பசுமை மின்சாரத்துக்கெனத் தனி நிறுவனமும் வந்தது.

பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட் நீரேற்று நிலையம் வந்துவிட்டது. சீனாவின் ஃபெங்னிங் நிலையம் மட்டுமே 3,600 மெகாவாட். காடம்பாறையைப் போல ஒன்பது மடங்கு.

அப்படியென்றால் போடி மலையில் ஏன் கட்டக் கூடாது?

உயரக் கணக்கு மட்டும் போதும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதல் தடை, எல்லை. போடிமெட்டு உச்சியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. போடியிலிருந்து தினமும் ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். அரசுகளுக்கு அது இரு மாநிலத் தண்ணீர் விவகாரம். முல்லைப் பெரியாறு பற்றித் தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, காடு. தேனி மாவட்டத்தின் மேகமலைப் பகுதி 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. போடிக்கு மேலே கேரளப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-ல் ஒப்புதல் கொடுத்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பிறகு, புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அந்தத் திட்டத்தை ஏற்க முடியாது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நீரேற்று நிலையத்துக்கும் மலையைத்தான் குடைய வேண்டும். ஆய்வகத்துக்குக் கூடாது என்ற மலை, மின்சாரத்துக்கு மட்டும் கூடும் என்று சொல்வது எளிதல்ல.

மூன்றாவது, தண்ணீர். பறவைப் பார்வையில் நீரேற்று நிலையம் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. ஒரே தண்ணீர் ஏறி இறங்கும். ஆவியாவதை மட்டும் ஈடுகட்டினால் போதும். ஆனால், முதல் தடவை நிரப்ப எங்கிருந்தோ எடுக்க வேண்டும். கோடையில் ஏலச்செடிக்கே தண்ணீர் தேடும் சரிவுகளில் அந்த முதல் நிரப்பல்கூடச் சாதாரணமல்ல.

ஏற்கெனவே இருக்கும் அணைகளைப் பயன்படுத்தலாமே?

மாவட்டத்தில் இரண்டு முக்கியமான நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. சுருளியாறு 35 மெகாவாட். மேகமலைப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி அதை ஓட்டுகிறது. இன்னொன்று லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையம். 140 மெகாவாட்டாகத் தொடங்கிப் பின்னர் திறன் கூட்டப்பட்டது.

லோயர் கேம்ப்பின் கதை சேமிப்பைப் பற்றி ஒரு முக்கியப் பாடம் சொல்கிறது. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, இந்த நிலையத்தை ஓட்டிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கும் வைகை அணைக்கும் போகிறது. அணையில் 142 அடிவரைதான் தண்ணீர் தேக்கலாம். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு, வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். அதாவது, காற்றாலை சீசன் உச்சத்துக்குப் போகும் அதே நாட்களில், கிரிட்டுக்கு வேண்டுமோ வேண்டாமோ, விவசாயத்துக்காகத் திறந்த தண்ணீர் மின்சாரத்தையும் உற்பத்தி செய்கிறது.

மின்துறையின் கண்ணுக்கு நீர்த்தேக்கம் ஒரு பேட்டரி. கூடலூர், கம்பம் விவசாயிக்கு அது நாற்றங்கால். மதுரைக்காரருக்குக் குடிநீர். திறக்கும் சாவி கிரிட்டின் கையில் இல்லை. இருக்கவும் கூடாது என்பதே இங்கே பலரின் நிலைப்பாடாக இருக்கும். பழைய அணைகளை நீரேற்று நிலையமாக மாற்றும் எந்தத் திட்டமும், பாசன முறையை ஒரு நாள்கூடப் பாதிக்காது என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே பேச ஆரம்பிக்க முடியும்.

அப்போ பேட்டரிதான் வழியா?

உடனடி வழி அதுதான். கன்டெய்னர் மாதிரிப் பெட்டிகளில் லித்தியம் பேட்டரிகளை அடுக்கி, துணை மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். மலை வேண்டாம், ஆறு வேண்டாம், சுரங்கம் வேண்டாம். ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடியும். 100 யூனிட் கொடுத்தால் சுமார் 85 யூனிட் திரும்ப வரும். நொடிக்கும் குறைவான நேரத்தில் கிரிட்டுக்குக் கைகொடுக்கும். விலையும் சில ஆண்டுகளில் வேகமாகச் சரிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பசுமை மின் நிறுவனம் 500 மெகாவாட் / 1,000 மெகாவாட்-மணி பேட்டரித் திட்டத்துக்கு டெண்டர் விட்டது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 500 என்பது குழாயின் அகலம், 1,000 என்பது தொட்டியின் கொள்ளளவு. முழு வேகத்தில் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் காலி. மாலை 6 முதல் 10 வரையிலான உச்ச நேரத்தில் பாதிக்குத்தான் தாங்கும். பாதி வேகத்தில் கொடுத்தால் நான்கு மணி நேரம் வரும். செய்திகளில் மெகாவாட்டை மட்டும் சொன்னால், எத்தனை மணி நேரம் என்று கேட்பது நல்லது.

பேட்டரிக்கும் குறைகள் உண்டு. ஆயுள் சுமார் 12 முதல் 15 ஆண்டுகள். நீரேற்று நிலையமோ 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடும். மூலப்பொருளுக்கும் செல்களுக்கும் பெரும்பாலும் சீனாவைச் சார்ந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் தீப்பிடித்ததும், சுற்றியிருந்தவர்களை வெளியேற்ற வேண்டிவந்தது. பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்விகளை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆடி மாதக் காற்றை மாசி வரை வைத்திருக்க முடியுமா?

முடியாது. பேட்டரியோ நீரேற்று நிலையமோ, தினமும் நிரப்பித் தினமும் காலி செய்தால்தான் போட்ட காசு திரும்பும். ஆண்டுக்கு ஒரே தடவை பயன்படுத்தும் பேட்டரியின் ஒரு யூனிட் விலை, யாராலும் கொடுக்க முடியாத அளவுக்குப் போய்விடும். மதியத்தை மாலைக்கு நகர்த்துவதுதான் இவற்றின் வேலை. சீசனை நகர்த்தும் வேலையை இன்றைக்கும் அனல்மின் நிலையங்களும், பெரிய அணைகளும், மற்ற மாநிலங்களிடம் கொடுத்து வாங்கும் ஏற்பாடுகளும்தான் செய்கின்றன. சேமிப்பு வந்துவிட்டால் நிலக்கரி நாளைக்கே தேவையில்லை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

சேமிக்காமலேயே சமாளிக்க வழி உண்டா?

உண்டு. மின்சாரத்தை நகர்த்த முடியாவிட்டால் தேவையை நகர்த்தலாம். தமிழ்நாட்டில் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடுத்தால், சோலார் மிச்சமாகும் நேரத்திலேயே கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறிவிடும். விவசாயிக்கும் ராத்திரியில் பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போகும் வேலை மிச்சம். உயர் அழுத்த மின் இணைப்புள்ள ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் ஏற்கெனவே 25% கூடுதல் கட்டணம் இருக்கிறது. மத்திய அரசின் 2023-ம் ஆண்டு விதிகள், பகல் சோலார் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்டச் சொல்கின்றன.

வீட்டுக்கும் இது வந்தால் என்ன ஆகும்? எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி 8 மணிக்குச் சார்ஜ் போடுவதற்குப் பதில் ஆபீஸ் பார்க்கிங்கில் மதியம் போடுபவருக்கு லாபம். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட்டே இல்லாதவருக்கும், பகலில் வீட்டில் ஆளே இல்லாத குடும்பத்துக்கும் அது தண்டனை. ஸ்மார்ட் மீட்டர் வரும்போது இந்த விவாதமும் கூடவே வரும்.

முடிவாக என்ன?

பேட்டரி சீக்கிரம் வரும், குறைந்த நேரம் தாங்கும். நீரேற்று நிலையம் தாமதமாக வரும், நீண்ட காலம் உழைக்கும், மலையைக் கேட்கும். தேவையை நகர்த்துவது மலிவு, ஆனால் மக்களின் பழக்கத்தை மாற்றச் சொல்லும். மூன்றுமே வேண்டியிருக்கும். எதை எங்கே என்பதில்தான் முடிவு எடுக்க வேண்டும். தேனி மாவட்டத்தைப் பொறுத்தவரை, காற்றாலை மின்சாரம் வந்துசேரும் சமவெளித் துணை மின்நிலையங்களின் பக்கத்தில் பேட்டரி வைப்பதற்குத் தடைகள் குறைவு. மலைக்கு மேலே போகப் போக, உயரத்தோடு சேர்ந்து கேள்விகளும் ஏறுகின்றன.

போடி வியாபாரிகளுக்குத் தெரிந்த கணக்குதான் இதுவும். உலர்த்தும் செலவு, வைத்திருக்கும் செலவு, காத்திருந்தால் கிடைக்கும் விலை. மின்சாரத்தில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது: அந்தச் செலவில் ஒரு பங்கை மலையும், அதன் தண்ணீரும், அதை நம்பி இருப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்றால், அது யாருடைய பில்லில் ஏறும்?